சுகமான உடம்புக்கு எதற்கு வரைபடம்?

மட்டக்களப்பு வாவி நீரை அங்கங்கே அள்ளி ஒரே அண்டாவில் ஊற்றி உப்பை அளந்தால் சராசரிதான் கிடைக்கும். முகத்துவாரத்தில் கடலுப்பு ஏறியிருப்பது அதில் தெரியாது. இழையத்தை மொத்தமாக அரைத்துப் பரிசோதித்தாலும் இதே கதைதான்.

அதனால் இப்போது கலம் கலமாகப் படிக்கிறார்கள். நொதியங்களால் இழையத்தைப் பிரித்து, கலங்களை நுண்துளிகளில் தனித்தனியே அடைத்து, ஒவ்வொன்றின் ஆர்.என்.ஏ.க்கும் அடையாளக் குறி இடுவார்கள். எந்தக் கலத்தில் எந்தப் பரம்பரையலகு இயங்குகிறது என்பது அப்போது புலப்படும். 2018இல் சுவாசக்குழாயில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாத அயனோசைட் கலம் இப்படித்தான் அகப்பட்டது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயோடு தொடர்புடைய பரம்பரையலகு அங்கேதான் மும்முரமாக இயங்குகிறது!

நோயில் எது மாறியது என்று அறிய, முதலில் சுகமான உடம்பின் கலங்களுக்கு ஒரு வரைபடம் வேண்டும். ஆனால் சுகதேகியின் இழையத்தை ஆராயப் பணம் கேட்பது லேசல்ல. கைமேல் விற்க மருந்தொன்றும் இல்லையே. ஆனாலும் அந்த வரைபடத்துக்கென 2016இல் தொடங்கிய ஹியூமன் செல் அட்லஸ் திட்டத்துக்காக, சான் சக்கர்பெர்க் கொடை அமைப்பு 2019இல் 38 குழுக்களுக்கு 6.8 கோடி டொலர் அறிவித்தது.

யாருடைய உடம்பு அளவுகோல் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. 2025இல் வெளியான ஆசிய ஆய்வு ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தியா ஆகிய நாடுகளின் 619 சுகதேகிகளின் குருதிக் கலங்களைப் பார்த்தது. வயது, பால், இனக்குழுவோடு அவற்றின் விகிதமும் மாறியது. அந்த ஐந்தில் இலங்கை இல்லை. குருதிக் கலங்களை உறையவைத்து அனுப்பலாம் என்பதால், மட்டக்களப்பு போன்ற ஊருக்கு முதலில் வேண்டியது விலையுயர்ந்த இயந்திரமல்ல. திரவ நைதரசன், பயிற்சி பெற்ற ஆட்கள், கொடையாளரிடம் விளக்கிச் சம்மதம் பெறும் நேரம் ஆகியவற்றுக்கான பணம்.