காப்பு, துணை, வாழ்த்து... கூப்பிடுவது யாரை?

காந்திபுரம் பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். உள்ளே நுழையும் தனியார் பஸ்களின் கண்ணாடியில் ஊர்ப் பெயருக்கு மேலே ‘முருகன் துணை’ என்றோ, குலதெய்வத்தின் பெயரோ இருக்கும். கல்யாணப் பத்திரிகையின் உச்சியிலும் அதே துணைதான். கல்லூரி விழா அழைப்பிதழில் மட்டும் அது ‘இன்வொகேஷன்’ ஆகிவிடுகிறது. ‘கூப்பிடுதல்’ என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது அது. ஒரு காரியம் தொடங்கும் முன் பெரிய சக்தியைக் கூப்பிடுவது, அவ்வளவுதான்.

நம் பழைய நூல்களில் இதற்குப் பெயர் காப்பு. எழுதப்போகும் நூல் தடங்கலின்றி முடியவேண்டும் என்று முதலில் வைக்கும் பாட்டு. கொங்கு வீடுகளில் இந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வீட்டு வாசலிலும் தோட்டத்திலும் செருகுவதும் காப்புக் கட்டுதான். மாரியம்மன் நோன்பு என்றால் விஷயம் இன்னும் கறார். காப்புக் கட்டியபின் வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்பார்கள். “காப்புக் கட்டியாச்சு, பொழுதுக்குள்ள வந்துரு கண்ணு” என்று போனில் அம்மா சொன்னால், அதற்கு மேல் பேச்சில்லை!

கூப்பிடும்போது எழுந்து நிற்கவேண்டுமா? இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. 1970 முதல் அரசு விழாக்களில் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்து ஒரு வழிபாட்டுப் பாடல்தான், கீதம் அல்ல; அதற்குரிய மரியாதை தரவேண்டும், ஆனால் எழுந்து நிற்கச் சொல்லும் ஆணை எதுவும் இல்லை என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. தீர்ப்பில் ஒரு நியாயம் உண்டு. 1891-ல் வெளியான ‘மனோன்மணீயம்’ நாடகத்தில் சுந்தரம் பிள்ளை இதற்கு இட்ட தலைப்பே ‘தமிழ்த் தெய்வ வணக்கம்’. ஆக, பிறவியிலேயே இது காப்புப் பாட்டு.

அரசு காத்திருக்கவில்லை. அதே மாதம் 17-ம் தேதி அதை மாநிலப் பாடலாக அறிவித்தது. மோகன ராகத்தில், 55 விநாடிகளில் பாடவேண்டும். பாடும்போது அனைவரும் எழுந்து நிற்கவேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் விலக்கு. இசைத்தட்டைப் போட்டுவிட்டுச் சும்மா நிற்காமல், பயிற்சி பெற்றவர்கள் வாய்விட்டுப் பாடுவதே நல்லது என்றும் சொன்னது.