கரைந்துபோகும் வண்ணமும் கரையோர மக்களும்

பாச்சலூரில் மழை பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. தேநீர்க்கடைத் தகரக் கூரையின்கீழ் ஒதுங்கி நின்றோம். மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தி ஏறியவர், காப்பிப் பழம் பறித்தவர், வாழைத்தார் சுமந்தவர் எல்லோரும் இருந்தனர். அங்கேதான் ஒரு தோழர் கேட்டார்:

“அண்ணே! சென்னையிலே நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டம் பூசினார்களே, அது வெயிலுக்கும் மழைக்கும் போகிற சாயந்தானே? அந்தப் பணத்தில் நமக்கொரு பாலம் கட்டக்கூடாதா?”

கேள்வி நியாயமானது. மலைமேல் இருப்பவன் கேட்காமல் வேறு யார் கேட்பது?

தோழர்களே! நடந்தது இதுதான். 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை மாமல்லபுரத்தில் நடந்தது. உலகமே வந்து கூடிய அந்த ஆட்டத்தை நகர மக்களுக்கு அறிவிக்கக் கூவத்தின் முகத்துவாரத்தில் நிற்கும் பழைய பாலமே சதுரங்கப் பலகையாக மாறிற்று. வேட்டி சட்டை கட்டிய குதிரை ஒன்று, “தம்பி” என்ற பெயரோடு, தெருவெங்கும் கைகூப்பி நின்றது. அரண்மனை ஆட்டம் என்று பேர் வாங்கியிருந்த சதுரங்கம் அன்று சாலைக்கு வந்தது. ரிக்‌ஷாக்காரரும் பார்த்தார், ராயபுரத்துச் சுமைதூக்கியும் பார்த்தார். அனுமதிச் சீட்டு கேட்பார் இல்லை, வாயிற்காவலனும் இல்லை!

அழிந்துபோவதால் அது வீண் என்பீர்களா? உங்கள் வீட்டு வாசலைப் பாருங்கள். விடியலில் அம்மா போடும் கோலம் உச்சிப்பொழுதுக்குள் காலடியில் கலைகிறது. மறுநாள் மீண்டும் போடுகிறாள். கலையும் என்று தெரிந்தே போடுகிறாள். அதை வீண் என்று சொல்ல எந்த மகனுக்கு நா எழும்?

1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு கூடியது. அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்த காலம். கடற்கரைச் சாலையில் வள்ளுவர், ஒளவை, கம்பர், கண்ணகி எனப் பத்துச் சிலைகள் எழுந்தன. அதே மாநாட்டில் அலங்கார ஊர்திகளும் அணிவகுத்தன. ஊர்திகள் அன்றோடு கலைந்தன, சிலைகள் நின்றன. ஆனால் நிலையானது என்று நாம் நம்பிய கண்ணகி சிலையே 2001 டிசம்பரில் அகற்றப்பட்டது. 2006 ஜூனில்தான் திரும்பி வந்தது. சிலைக்கும் ஆபத்து உண்டு, தோழர்களே! மக்கள் நினைவில் நிற்பதே நிற்பது.

வெளியுலகத்தையும் பார்ப்போம். இத்தாலியில் இசேயோ ஏரிமீது 2016இல் கிறிஸ்டோ என்ற கலைஞர், மஞ்சள் துணி போர்த்திய மிதக்கும் நடைபாதை ஒன்றை 16 நாட்களுக்கு அமைத்தார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் நீர்மேல் நடந்தனர். கட்டணம் இல்லை. தம் ஓவியங்களை விற்ற பணத்தில் செலவை அவரே ஏற்றார். பின்னர் எல்லாம் பிரித்தெடுக்கப்பட்டது. பம்பாயில் 1875இல் திறந்த சசூன் துறைமுகத்தில், 2017 இறுதியில் கலைவிழா ஒன்று நடந்தது. அங்கே மீன் நாற்றம் போக மீனவரை விரட்டவில்லை. அந்தத் துறையில் உழைக்கும் கோளி மக்களின் முகங்களே பெரும் படங்களாய்ச் சுவரேறின!

இங்கேதான் நம் கேள்வி கூர்மை அடைகிறது. அழகு வேண்டுமா என்பதல்ல கேள்வி. யாரை அப்புறப்படுத்தி அழகு என்பதே கேள்வி!

மெரினாவுக்கு ஒரு கசப்பான கதை உண்டு. 1985இல் கடற்கரையை அழகாக்குவதாகச் சொல்லி மீனவரின் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் புகுந்தார்கள். மீனவர் எதிர்த்தனர். துப்பாக்கி வெடித்தது, மீனவர் மாண்டனர். கட்டுமரம் அழகில்லையாம்! வலை காய்வது கண்ணுக்கு உறுத்தலாம்! சிங்காரவேலர் 1923இல் மே நாள் கொண்டாடிய கடற்கரை அது. பாறையை நெம்பும் நால்வரைத் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடிக்க, 1959 முதல் உழைப்பாளர் சிலை நிற்கும் கடற்கரையும் அதுதான். வெண்கல உழைப்பாளிக்கு மாலை, உயிருள்ள உழைப்பாளிக்குத் தோட்டாவா?

ஆகவே, நீர்க்கரையில் எந்தக் கலைவிழா வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். ஏழை காசில்லாமல் பார்க்க முடியுமா? அந்தக் கரையில் பிழைப்பவன் அங்கேயே இருக்கிறானா? சாரத்தில் தொங்கிச் சாயம் பூசியவனுக்கு முறையான கூலியும் பெயரும் உண்டா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் கைதட்டுங்கள். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் கை உயர்த்திக் கேளுங்கள்.

நம் மலையிலேயே பாருங்கள். கோடைக்கானல் ஏரிக்கு அருகே, பிரையண்ட் பூங்காவில், ஆண்டுதோறும் கோடையில் மலர்க் கண்காட்சி. பூவால் மயிலும் மானும் செய்கிறார்கள். சில நாளில் வாடுகின்றன. திறந்து வைத்தவர் யார் என்று ஊரறியும். குளிரில் விரல் விறைக்கப் பூவை ஒவ்வொன்றாய்ச் செருகியவர் யார்? அவர் பெயரை நுழைவாயிலில் ஒரு பலகையில் எழுதுவதற்கு என்ன செலவாகிவிடும்?

மழை விட்டது. கேட்ட தோழருக்குச் சொன்னேன்: “நமக்குப் பாலமும் வேண்டும், பாலத்தின்மேல் வண்ணமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பவன் இரண்டையும் தரமாட்டான்!”

அவர் சிரித்தார். “வண்ணம் பிறகு வரட்டும் அண்ணே, முதலில் பாலம்” என்றார். வாழைத்தாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஒட்டன்சத்திரம் போகும் வண்டியை நோக்கி நடந்தார்.

அவர் சொன்ன வரிசைதான் சரி!