ஏரிக்கரையில் நாயோடு மார்கழி நடை: கயிறு கையில் இருக்கட்டும்!

ஜெயங்கொண்டம் பக்கத்து ஆட்களுக்கு மலை ஏற வேண்டுமென்றால் மேற்கே பெரம்பலூரைத் தாண்டிப் பச்சைமலைக்குத்தான் போக வேண்டும். கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றி எல்லாமே சமவெளி. கண்ணுக்கு உயரமாகத் தெரிபவை கோயில் விமானமும் பொன்னேரிக் கரையும்தான். மலை இல்லாத ஊரில் ஏரிக்கரைதான் மலை. மார்கழி, தை மாதங்களில் விடிந்ததும் கரையில் ஒரு நடை போய்வந்தால் உடம்புக்கும் நல்லது, வயலையும் ஒரு பார்வை பார்த்த மாதிரி இருக்கும். வீட்டு நாயும் கூடவே ஓடிவரும்.

இந்தக் கரை சாதாரணமானதல்ல. கங்கை வரை படை அனுப்பி வென்ற முதலாம் ராஜேந்திர சோழன், அந்த வெற்றியின் நினைவாக வெட்டிய சோழகங்கம்தான் இன்றைய பொன்னேரி. இதை 'நீரால் ஆன வெற்றித்தூண்' என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. கல்லில் தூண் நட்ட அரசர்கள் நிறைய பேர் உண்டு. தண்ணீரில் நட்டவர் இவர். கரையின் நீளம் 16 மைல் என்று 19-ம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது.

வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்தபின் ஏரியில் தண்ணீர் நிற்கும் காலம் இது. தண்ணீர் நின்றால் பறவைகள் வரும். இதே மாவட்டத்தில் உள்ள கரைவெட்டி பறவைகள் சரணாலயம் 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டிவரும் வரித்தலை வாத்து அங்கே வந்து தங்குகிறது. இந்தப் பறவைகளுக்கு எல்லைக்கல் தெரியாது. சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் இறங்கி மேயும். அவிழ்த்துவிட்ட நாய் ஒரு முறை குரைத்துக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தால் கூட்டம் மொத்தமும் கிளம்பிவிடும். பல ஆயிரம் கிலோமீட்டர் திரும்பிப் பறக்கச் சேர்த்துவைக்கும் கொழுப்பு இப்படிப் பறந்தே கரையும்.

முயல் பிடிப்பது நாட்டு நாய்க்கு ரத்தத்தில் ஊறியது. ஆனால் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, துரத்துவதும் விரட்டுவதும்கூட வேட்டைதான். 'நாய்தானே பிடித்தது' என்று தப்பிக்க முடியாது. மயிலைத் துரத்தவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, கண்ணாடி விரியன். மற்ற மாதங்களில் பெரும்பாலும் இரவில் நடமாடும் இந்தப் பாம்பு, குளிர்காலத்தில் காலை வெயிலுக்காகக் கரை ஓரத்திலும் வரப்பிலும் வந்து சுருண்டு கிடக்கும். இணை சேரும் காலமும் இதை ஒட்டித்தான். நெல் முதிர்ந்த வயலில் எலி பெருகுவதால் அதைத் தேடியும் வரும். முந்திரித் தோப்புச் சருகில் கிடந்தால் மனிதர் கண்ணுக்கே தெரியாது. நாயோ மூக்கை நீட்டி மோந்து பார்க்கும். அதனால்தான் நாய்க்குக் கடி பெரும்பாலும் முகத்திலும் முன்னங்காலிலும் விழுகிறது. குக்கர் விசில் போலச் சீறல் கேட்டால் நாயைச் சட்டென இழுத்துக்கொண்டு பின்வாங்க வேண்டும். அதற்குக் கையில் கயிறு இருக்க வேண்டும். ஆறடிக் கயிறு போதும்.

கடித்துவிட்டால் முகம் வீங்கும், வாயிலோ மூக்கிலோ ரத்தம் கசியலாம். கடிவாயைக் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, பச்சிலை அரைத்து நேரத்தைக் கடத்தக் கூடாது. நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். 'மனிதருக்குப் போடும் விஷமுறிவு மருந்து நாய்க்கு ஆகுமா?' என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. ஆகும். நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்குமான அதே மருந்துதான். அளவை மருத்துவர் முடிவு செய்வார். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணை போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கரையில் தெரு நாய்களும் வரும், சண்டையும் நடக்கும். அதனால் வெறிநாய்த் தடுப்பூசி போடாத நாயை வெளியே கூட்டிப்போகவே கூடாது. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது, அப்புறம் ஆண்டுதோறும். நடுவில் உங்களையோ பிள்ளைகளையோ எந்த நாயாவது கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கடி ஆழமாக இருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும்.

ஆடு வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று. ஆட்டுக்கு வரும் தலைசுற்று நோய், நாயின் குடலில் இருக்கும் நாடாப்புழுவால் வருவது. நாய் கழிக்கும் மேய்ச்சல் கரையில்தான் உங்கள் ஆடும் மேய்கிறது. நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து கொடுங்கள். வெட்டிய ஆட்டின் தலையைப் பச்சையாகப் போடாதீர்கள்.

வீடு திரும்பியதும் காது மடல், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் விரல்விட்டுப் பாருங்கள். பனி ஈரப் புல்லில் ஒட்டிய உண்ணி அங்கேதான் இருக்கும்.