வெள்ளைக்கு நடுவே ஒரு கருத்த முகம்

ஹை கீ, அதாவது வெளிச்சமான சாயல்களே நிறைந்த கருப்பு வெள்ளைப் படம் எப்படிச் செய்வது என்று கேட்டீர்கள். ஒரு பாட்டியை உட்கார வைத்துப் பேசுவோம். வெள்ளைப் புடவை, நரைத்த தலை, நெற்றியில் திருநீறு, பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர். பாட்டி நல்ல கருப்பு. டீ ஆறுவதற்குள் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன்: படம்தான் வெளுப்பாக இருக்க வேண்டும், பாட்டி வெளுக்கக் கூடாது. பவுடர் கொட்டியது மாதிரி முகத்தை ஆக்கிவிட்டு அதை ஹை கீ என்று கொடுக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதே இல்லை. ஒருவருடைய நிறத்தைப் பிடுங்கிக்கொண்டு படத்தை அழகாக்க வேண்டிய அவசியம் எதுவும் கிடையாது.

மென்பொருளைத் திறக்கும் முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக எண்ணி அளப்பதுதான் கேமராவின் மீட்டர். வெள்ளைச் சுவரும் வெள்ளைப் புடவையும் சட்டத்தை நிறைத்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். படம் அழுக்காக வரும். அதனால் எக்ஸ்போஷரை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டி எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், மறுபக்கம் ஒரு தெர்மோகோல் அட்டை. நிழல் மெலிந்துவிடும். ரா ஃபைலாக எடுப்பது அவசியம். ஜேபெக்கில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ரா ஃபைலில் 16,384. அந்தப் படிகளில் பாதி, மிக வெளிச்சமான ஒரே ஸ்டாப்புக்குள் அடங்கிவிடுகின்றன. ஹை கீ படம் வாழ்வது அந்த இடத்தில்தான். ஆனால் சென்சாரிலேயே முழு வெள்ளையாக நிரம்பிப்போன புடவை மடிப்பை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இனி வண்ணத்தை எடுப்பது. வண்ணத்தை ஒரேயடியாக உருவிவிடும் கட்டளையைத் தொடாதீர்கள். ஃபோட்டோஷாப்பில் பிளாக் அண்ட் ஒயிட் என்ற அட்ஜஸ்ட்மென்ட் லேயர் இருக்கிறது; சிவப்பு, மஞ்சள், பச்சை, சயான், நீலம், மெஜந்தா என்று ஆறு ஸ்லைடர்கள். கிம்ப் இலவசம், அதில் மோனோ மிக்ஸர் இதே வேலையை வேறு வழியில் செய்யும். மனிதத் தோல் கருப்போ வெளுப்போ, பெரும்பாலும் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில்தான் நிற்கிறது. சிவப்பைக் கூட்டினால் தோல் வெளுக்கும். பருவும் தழும்பும் சிவப்புச் சாயல் கொண்டவை என்பதால் அவையும் கரையும். நீலத்தில் பார்த்தால் அதே தழும்புகள் கருத்துத் தெரியும். சிவப்பு ஒளியை உணராத பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமில் உதடுகள் மை பூசியதாக விழுந்ததற்கும் இதுதான் காரணம்.

எல்லாரும் சிவப்பை இழுத்துக்கொண்டே போவது இங்கேதான். பாட்டி வெற்றிலை போட்டிருந்தால் முதலில் உதடு காணாமல் போகும். அடுத்து கன்னத்துச் சுருக்கம். அடுத்து, நெற்றித் திருநீறு. வெள்ளைத் திருநீறு தெரிவதே அதைச் சுற்றியுள்ள தோல் கருப்பு என்பதால்தானே! அந்தக் கோடுகள் மங்கத் தொடங்கினால் கையை எடுத்துவிடுங்கள். ஹிஸ்டோகிராமைவிட நம்பகமான அளவுகோல் அது. எண் வேண்டுமென்றால், 0 முதல் 255 வரையிலான அளவில் முகத்தின் வெளிச்சப் பக்கம் 150 பக்கம் நின்றால் எனக்குப் போதும். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் பளபளப்பு இருக்கும், அதை மழுக்காதீர்கள். கருத்த முகத்துக்கு உருவம் கொடுப்பது நிழலைவிட அந்தப் பளபளப்புதான்.

அப்புறம் கர்வ்ஸ். கோட்டின் நடுப்பகுதியைப் பிடித்து மெல்ல மேலே தூக்குங்கள். கூடவே அடிப்பகுதியும் எழும்பும். அங்கே ஒரு புள்ளி வைத்து அதைப் பழைய இடத்திலேயே கட்டிப் போடுங்கள். அந்தக் கர்வ்ஸ் லேயரின் மாஸ்க்கில் முகத்தின் மேல் கருப்புப் பிரஷ்ஷைப் பாதி அழுத்தத்தில் ஓட்டினால், தூக்கியது சுவருக்கும் புடவைக்கும் மட்டும் முழுசாகப் போய்ச் சேரும். ஹை கீ உணர்வைச் சுற்றுப்புறம் தாங்கிக்கொள்ளும். முகம் தன் நிறத்தில் இருக்கலாம். பிரஷ்ஷின் ஓரம் மென்மையாக இருக்கட்டும், இல்லையென்றால் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வந்துவிடும்.

நரைமுடி வெள்ளைச் சுவரோடு கலக்கும் இடத்தில் பொறுமையாக உட்காருங்கள். முடியின் ஓரம் கொஞ்சம் கரையலாம், அதில் ஓர் அழகு இருக்கிறது. தோளின் கோடு மட்டும் கரையக் கூடாது. கரைந்தால் தலை அந்தரத்தில் தொங்கும். புடவை மடிப்புகளை 235, 240 அளவில் வைத்தால் துணி துணியாகத் தெரியும். கருமணி, இமையோரம், மூக்குத் துவாரம் என்று இரண்டு மூன்று இடங்களில் உண்மையான கருப்பு வேண்டும். அது இல்லாத படம் ஹை கீ ஆகாது, வெளிறிய படமாகத்தான் நிற்கும். கண்ணில் விழுந்த ஜன்னலின் பிரதிபலிப்பை இன்னும் பளிச்சென்று ஆக்க வேண்டாம். அது இருக்கிறபடியே இருக்கட்டும்.

திரையில் பார்ப்பதோடு விடாமல் ஒரு பிரதி அச்சடித்துப் பாருங்கள். 255 என்று இருக்கும் இடத்தில் பிரிண்டர் மையே வைக்காது, வெறும் தாள்தான். சுவர் முழுக்க 255 ஆக இருந்தால் படத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது. சுவரை 248 பக்கம் இறக்குங்கள், அல்லது சுற்றி மெல்லிய சாம்பல் கோடு போடுங்கள். மேட் தாளில் கருப்பு கொஞ்சம் சோர்ந்துதான் விழும். அந்தத் தாள்தான் வேண்டுமென்றால், அச்சுக்கு அனுப்பும் முன் கருமணியையும் இமையோரத்தையும் இன்னும் ஒரு பங்கு அழுத்திவிடுங்கள்.