மருந்தை வெல்லும் கிருமி

"மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது" என்றொரு பேச்சு நம்மிடையே வழங்கி வருகிறது. கொடகவெலக் கடைத்தெருவிலும் கேட்டிருக்கிறேன். இறக்குவானைப் பக்கத்துத் தோட்ட லயங்களிலும் கேட்டிருக்கிறேன். கற்றோர் கூடும் இடங்களிலும் கேட்டிருக்கிறேன். முன்னொரு காலத்தில் சில குளிசைகளுக்கே ஆறிய புண், இன்று ஊசிமேல் ஊசி ஏற்றியும் ஆறாதபோது இவ்வாக்கியம் பிறக்கிறது. வாக்கியம் எளிமையானதுதான், ஆனால் அதில் எழுவாய் பிழைத்துவிட்டது. மருந்துக்கு அஞ்சாதிருப்பது உடம்பன்று, உடம்பினுள் குடிபுகுந்த கிருமி. அக்கிருமியும் மருந்துக்குப் "பழகியது" என்று கூறுதல் பொருந்துமா என்பது தனியே ஆராயத்தக்கது.

பெனிசிலின் பிறந்த கதை பள்ளி மாணவரும் அறிந்தது. 1928 ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் அலெக்சாந்தர் பிளெமிங், தம் கண்ணாடித் தட்டொன்றில் பூஞ்சணம் படர்ந்திருப்பதையும், அதனைச் சூழவிருந்த கிருமிகள் கரைந்து போயிருப்பதையும் கண்டார். அதிகம் பேசப்படாத பகுதி வேறொன்று உண்டு. ஒக்ஸ்போர்ட் நகரில் அப்பூஞ்சணத்திலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்க முயன்ற குழுவினருள் எட்வேர்ட் ஆபிரகாம், ஏர்ணஸ்ட் செயின் ஆகிய இருவரும், பெனிசிலினைச் சிதைத்துவிடும் நொதியொன்று சில பற்றீரியாக்களிடம் உண்டென்பதை 1940 டிசம்பரில் வெளியிட்டனர். கொடிய தொற்றினால் வருந்திய ஒரு பொலிஸ்காரருக்கு அங்கே அம்மருந்து முதன்முதல் ஏற்றப்பட்டதோ 1941 பெப்ரவரியில். வாளை உறையினின்றும் உருவு முன்னரே கேடயம் களத்தில் நின்றது. அந்தப் பொலிஸ்காரர் தேறி வந்தார். மருந்து தீர்ந்து போயிற்று. மார்ச்சு மாதத்தில் இறந்தார்.

அதன் பின் நிகழ்ந்ததை எண்களே கூறும். லண்டன் ஹாமர்ஸ்மித் வைத்தியசாலையில் மேரி பார்பர் என்னும் பெண்மணி, நோயாளரிடமிருந்து பெற்ற ஸ்டபிலோகொக்கஸ் கிருமிகளைப் பொறுமையாகச் சோதித்து வந்தார். பெனிசிலினுக்கு அடங்காதவை 1946 இல் நூற்றுக்கு 14 ஆகவும், 1947 இல் 38 ஆகவும், 1948 இல் 59 ஆகவும் இருந்தன. இரண்டே ஆண்டுகள்! இக்கிருமிகளை அடக்கவென்றே ஆக்கப்பட்ட மெதிசிலின் 1960 ஐ ஒட்டிப் பிரித்தானியாவில் வழக்கிற்கு வந்தது. அதற்கும் அடங்காத கிருமி கிடைத்த செய்தியை 1961 சனவரியிலேயே பற்றீசியா ஜெவன்ஸ் என்னும் ஆய்வாளர் வைத்தியச் சஞ்சிகைக்கு எழுதிவிட்டார்.

இனி, "பழகுதல்" என்ற வினாவுக்கு வருவோம். 1952 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் யோசுவா லெடர்பேர்க், எஸ்தர் லெடர்பேர்க் என்னும் தம்பதியர் செய்த சோதனை இதற்கு விடை தருகிறது. விஞ்ஞான வரலாற்றில் இத்துணைச் சிக்கனமும் அழகும் வாய்ந்த சோதனைகள் சிலவே என்பது என் எண்ணம். அவர்கள் கையாண்ட கருவி ஒரு துண்டு வெல்வெட்டுத் துணி. கிருமிக் கூட்டங்கள் புள்ளி புள்ளியாய் வளர்ந்திருந்த தட்டின்மீது அத்துணியை மெல்ல ஒற்றினர். பின் அதே துணியை, மருந்து கலந்த வேறொரு தட்டின்மீது ஒற்றினர். முத்திரை குத்துவதுபோலத்தான். மருந்துத் தட்டில் பெரும்பாலானவை மடிந்தன. ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் கிருமி தழைத்தது. முதல் தட்டிலே அதே இடங்களுக்குரிய கிருமிகளை எடுத்துச் சோதித்தபோது, மருந்தின் நிழலும் படாத அவற்றினிடத்தும் அந்த எதிர்ப்பு முன்னமே இருந்தது தெரிந்தது. ஆகவே மருந்து கிருமிக்கு எதிர்ப்பைக் கற்றுக் கொடுக்கவில்லை. தற்செயலாய் எதிர்ப்புடன் பிறந்த சிலவற்றை விட்டு, ஏனையவற்றை அழித்து, அச்சிலவற்றுக்கு வயலை வெறுமையாக்கிக் கொடுக்கிறது. களைக்குப் பதிலாகப் பயிரைப் பிடுங்கியெறியும் வேலை என்று நம் தோட்டத்தார் இதனைச் சொல்லக்கூடும்.

அடுத்த அதிர்ச்சி ஜப்பானிலிருந்து வந்தது. வயிற்றுளைச்சல் கிருமி ஒரே வேளையில் பல மருந்துகளை எதிர்ப்பதைக் கண்ட அந்நாட்டு ஆய்வாளர், அவ்வெதிர்ப்பு ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவுவதை 1959 இல் நிறுவினர். தாய்க் கிருமியிலிருந்து மகவுக்குச் செல்வதோடு நில்லாமல், ஓரினத்துக் கிருமி வேறினத்துக் கிருமிக்கும் அதனைக் கையளிக்கிறது. கிருமியின் உடலுள் வளையமாய்க் கிடக்கும் பிளாஸ்மிட் என்னும் சிறு மரபுத் துணுக்கே இவ்வாறு கைமாறுவது. அத்துணுக்கில் ஐந்தாறு மருந்துகளை வெல்லும் வித்தை ஒருங்கே எழுதப்பட்டிருக்கலாம்.

வைத்தியசாலையில் ஏன் இது மிகுதி? நோயாளரும், நோய்க்கிருமிகளும், மருந்துகளும் ஓரிடத்தில் நெருங்கி வாழ்வது அங்கேதான். சிறுநீர்க் குழாய், சுவாசக் குழாய், நாளத்தில் செருகிய ஊசி ஆகிய ஒவ்வொன்றும் கிருமிக்குத் திறந்துவிட்ட வாயில். ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்கு அதனைச் சுமந்து செல்வது பெரும்பாலும் மனிதக் கை. கிருமிக் கொள்கை நிலைபெறு முன்னரே, வியன்னாவின் மகப்பேற்று வைத்தியசாலையில் செம்மல்வைஸ் இதனை உணர்ந்தார். 1847 ஏப்ரலில் அவரது பிரிவில் தாய்மார் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இறந்தனர். மே மாதத்தில் வைத்தியரும் மாணவரும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வேண்டுமெனக் கட்டளையிட்டார். ஜூனில் அத்தொகை ஏறத்தாழ இரண்டாகக் குறைந்தது. அவருக்குக் கிடைத்தது ஏளனமே.

தமிழர் அறிந்திருக்க வேண்டிய ஆராய்ச்சி சென்னையில் நிகழ்ந்தது. 2008 இல், புதுடில்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய இந்திய வம்சாவளியினர் ஒருவரின் சிறுநீரில் கிளெப்சியெல்லா என்னும் கிருமி கண்டெடுக்கப்பட்டது. கார்பப்பெனெம் எனப்படும் மருந்துகள், ஏனைய மருந்துகள் கைவிட்ட பின் வைத்தியர் நாடும் கடைசி அரண். அவற்றையும் சிதைக்கும் நொதி அக்கிருமியில் இருந்தது. 2009 இல் அதற்கு "நியூடெல்லி மெற்றலோ பீற்றா லக்டமேஸ்", சுருக்கமாக என்.டி.எம்.-1 எனப் பெயரிட்டனர். 2010 ஓகஸ்டில் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய்ச் சஞ்சிகையில் நீண்ட கட்டுரையொன்று வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் நுண்ணுயிரியல் ஆராய்ந்து வந்த கார்த்திகேயன் குமாரசாமி. இந்நொதி தாங்கிய கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரித்தானியாவில் 37, இந்தியாவிலும் பாக்கிஸ்தானிலும் பிற இடங்களில் 73 என அக்கட்டுரை கணக்குக் காட்டியது. கொலிஸ்டின், டைஜிசைக்ளின் என்னும் இரண்டு மருந்துகளை விட வேறெதற்கும் பெரும்பாலானவை அடங்கவில்லை. கொலிஸ்டினோ சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால் முன்னர் ஒதுக்கி வைத்திருந்த பழைய மருந்து.

கட்டுரை எழுப்பிய புயலில் ஆராய்ச்சி மறைந்து போயிற்று. இந்தியத் தலைநகரின் பெயரைக் கிருமியின் நொதிக்கு இடலாமா என்று அரசாங்கமும் பத்திரிகைகளும் சினந்தன. இந்திய வைத்தியசாலைகளை நாடிவரும் வெளிநாட்டாரைத் தடுக்கும் சூழ்ச்சி என்றும் சிலர் கூறினர். பெயர் புண்படுத்தியது என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் வெரோனா, சியோல் என்னும் நகரங்களின் பெயரும் இதற்கு முன்னர் இவ்வகை நொதிகளுக்குச் சூட்டப்பட்டவையே. அன்றியும், அதே ஆண்டு மார்ச்சில் இந்திய வைத்தியர் சங்கத்துச் சஞ்சிகையொன்றில் மும்பாய் இந்துஜா வைத்தியசாலையினர் இதனைத் தாமே எழுதியிருந்தனர். கார்பப்பெனெமுக்கு அடங்காத 24 கிருமிகளுள் 22 இல் இந்நொதி இருந்ததாம். அச்சஞ்சிகையிலேயே சென்னை வைத்தியர் அப்துல் கபூர், நுண்ணுயிர்கொல்லிகளின் மரணத்துக்கு ஓர் இரங்கற் குறிப்பு என்ற தலைப்பில் தலையங்கம் எழுதியிருந்தார். உள்ளூரார் எழுதியபோது அசையாத நாடு, அயல்நாட்டுச் சஞ்சிகை எழுதியபோது கொதித்தெழுந்தது!

நற்பயனும் விளையாமற் போகவில்லை. 2012 ஓகஸ்டில் இந்திய வைத்திய சங்கங்கள் பல சென்னையில் கூடி வகுத்த திட்டம் "சென்னைப் பிரகடனம்" எனப் பெயர் பெற்றது. 2014 மார்ச்சு முதல், உயர்ந்த நுண்ணுயிர்கொல்லிகள் சிலவற்றை விற்பதற்குத் தனிப் பதிவேடு வேண்டுமென்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது.

ஆயினும் கிருமி தலைநகரின் வைத்தியசாலை மதிலுக்குள் அடங்கியிருக்கவில்லை. 2011 இல் வெளியான ஆய்வில், டில்லித் தெருக்களில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளுள் 51 இலும், குழாய் நீரின் 50 மாதிரிகளுள் 2 இலும் இந்நொதியின் மரபணு காணப்பட்டது. 2016 இல் அந்நகரின் மூன்று பெரிய வைத்தியசாலைகளிற் பிறந்த சிசுக்களைப் பற்றி வந்த அறிக்கையை வாசித்தபோது என் மனம் கனத்தது. இரத்தத் தொற்றுற்ற பச்சிளங் குழந்தைகளிடம் மிகுதியாய்க் கண்ட கிருமி அசினெற்றோபக்டர். அதில் நூற்றுக்கு 82 பல மருந்துகளை எதிர்ப்பவை. குளிசை ஒன்றும் விழுங்கியறியாத அக்குழந்தைகளின் உடம்பு எம்மருந்துக்குப் பழகியிருக்கும்?

இலங்கை இதற்குப் புறம்பானதன்று. இந்நாட்டு நோயாளரிடமிருந்து பெற்ற கிளெப்சியெல்லாவிலும் கார்பப்பெனெமைச் சிதைக்கும் நொதிகள் உளவென்று 2014 இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. நம் நாட்டில் நுண்ணுயிர்கொல்லியை வைத்தியரின் துண்டின்றி விற்றல் சட்டவிரோதம். ஆயினும் ஆய்வாளர் சிலர், நோயாளர் வேடம் பூண்டவர்களை மருந்துக்கடைகளுக்கு அனுப்பிப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்ட கடைகளில் துண்டின்றியே மருந்து கிடைத்தது. 2019 இல் இது வெளியாயிற்று. கடையில் மருந்து வாங்கிக் குறைந்த அளவில் உட்கொள்ளும் மனிதன் எதிர்ப்புக் கிருமியை வளர்ப்பான் என்று பிளெமிங் 1945 டிசம்பரில் நோபெல் பரிசுப் பேருரையிலேயே எச்சரித்திருந்தார்.

கடைக்காரரை மட்டும் குறைகூறுவது எனக்கு உடன்பாடன்று. இறப்பர்ப் பால் வெட்டுபவர் ஒருநாள் வேலைக்குச் செல்லாவிடில் அந்நாட் சம்பளம் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரி சிறியது. பெல்மடுல்லை வழியாக இரத்தினபுரிப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வருவதென்றால் பகல் முழுதும் கழியும். கொடகவெல மருந்துக்கடையில் நான்கு குளிசை வாங்குவது அவருக்குச் சோம்பலாலன்று, கணக்கினால் வந்த முடிவு. லயத்தில் ஒரு முதிய அம்மா தகரப் பெட்டியொன்றைத் திறந்து காட்டி, "மாஸ்டர், மகன் குடிச்சது போக மிச்சம் கெடக்குங்க, பக்கத்து வீட்டுப் புள்ளைக்கும் இருமலு, குடுக்கலாங்களா?" என்று என்னை வினவினார். சிவப்பும் மஞ்சளுமான குளிசைகள் ஐந்தோ ஆறோ இருந்தன. வேண்டாம் என்றேன்; பெரும்பாலான இருமலுக்குக் காரணம் வைரசு என்பதையும், இம்மருந்து வைரசை ஒன்றும் செய்யாதென்பதையும் எனக்குத் தெரிந்த மட்டில் விளக்கினேன். "அப்ப எதுக்குங்க டொக்டரு எல்லாத்துக்கும் இதையே குடுக்குறாரு?" என்று திருப்பிக் கேட்டார்.

அவர் கேள்வி நியாயமானது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை அறிய இரத்தத்தையோ சீழையோ சிறுநீரையோ வளர்ப்பூடகத்தில் இட்டுக் கிருமியை வளர்க்க வேண்டும். பிறகு மருந்து தோய்ந்த சிறு காகித வட்டங்களைத் தட்டில் வைத்து, எவ்வட்டத்தைச் சூழக் கிருமி வளரவில்லை என்று பார்க்க வேண்டும். இதற்குப் பொதுவாக இரண்டு மூன்று நாள் செல்லும். காய்ச்சலால் துடிக்கும் குழந்தையின் முன் நிற்கும் வைத்தியர் அதுவரை காத்திருக்க இயலாது. பலவற்றையும் கொல்லும் மருந்தை ஊகத்தின்மேல் தொடங்குகிறார். முடிவு கைக்கு வந்ததும் அதற்கேற்ற குறுகிய மருந்துக்கு மாற்றுவதே முறை. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து அலுமாரி இருக்கிறது. கிருமி வளர்க்கும் தட்டு இல்லை.