வாடைக்கு முந்தும் பயணம்

இராமநாதபுரக் கடற்கரையில் ஆண்டை வகுத்துக் கொடுப்பது காற்று. வைகாசி தொடங்கிப் புரட்டாசி முற்பகுதி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசுகிறது. அப்போது மன்னார் வளைகுடாவாகிய தென்கடல் கொந்தளிக்கும். பாக் விரிகுடாவாகிய வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி பிறந்தபின் வாடை இறங்கும். வடகடல் எழும், தென்கடல் தணியும். பாம்பன் மீனவர் இதற்கேற்பக் கரை மாறித் தொழில் செய்வர். கச்சான் ஓய்ந்து வாடை வலுக்காத இடைவெளி சில கிழமைகளே நீடிக்கும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி, தேவிபட்டினம், இராமநாதபுரம் வழியாகத் தனுசுக்கோடி வரை ஏறத்தாழ 600 கி.மீ. ஈருருளியில் செல்ல எண்ணுவோர்க்கு உகந்த காலம் அந்த இடைவெளியே என்பது என் துணிபு.

இமயமலைப் பாதைகளில் ஓட்டுவோர் பனி விழுமுன் திரும்பிவிடத் திட்டமிடுவர். நம் கரையில் பனி பாதையை மூடுவதில்லை, குளிரும் பொருட்டன்று. அதனாலேயே பலர் எந்த முன்னேற்பாடுமின்றிக் கார்த்திகையிலும் மார்கழியிலும் கிளம்பிவிடுகின்றனர். இங்கே கணக்கில் கொள்ள வேண்டியவை காற்று, நீர், உப்பு.

மழையை முதலில் பார்ப்போம். வடகிழக்குப் பருவமழை இயல்பாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். இம்மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 800 மி.மீ. அளவினது, அதில் பாதிக்குமேல் இப்பருவத்தில் பெய்துவிடும். அந்தப் பாதியும் பகிர்ந்து பெய்யும் என்று சொல்ல முடியாது. 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஏறத்தாழ 41 செ.மீ. மழை கொட்டியது; ஆண்டுக்குரியதில் பாதி ஒரே நாளில் வந்து சேர்ந்தது. புயல் எதுவும் கரையைக் கடக்காத நாள் அது. குறுகிய பரப்பில் திரண்ட முகிலே அவ்வளவு நீரையும் இறக்கியது. ஆகையால் புயல் அறிவிப்பு இல்லை என்பதை மட்டும் நம்பி வண்டியை எடுப்பது போதாது.

நனைந்த சாலையின் இயல்பை எண்களாற் காண்பது நல்லது. மணிக்கு 60 கி.மீ. விரைவில் செல்லும் வண்டி, உலர்ந்த தாரில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து 20 மீட்டர் தொலைவில் நிற்கும். டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு ஈரத்தில் நன்றாகக் குறைவதால், அதே வண்டி நிற்க 35 மீட்டர் வேண்டும். விரைவை 40-ஆகக் குறைத்தால் ஈரத்திலும் 16 மீட்டரில் நின்றுவிடும். முதல் தூறலோ இன்னும் கொடியது. மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் புழுதியும் சிறிதளவு நீரோடு கலந்து வழுக்குப் படலமாகிவிடும். பெருமழை வந்து அதைக் கழுவும்வரை ஓரமாக நின்றுவிடுவதே அறிவுடைமை.

இப்பயணத்தில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் பாம்பன் சாலைப் பாலம். 1988 அக்டோபர் 2-இல் திறக்கப்பட்ட, 2,345 மீட்டர் நீளமுள்ள இப்பாலத்தில் காற்றை மறிக்க ஒரு மரம்கூட இல்லை. காற்றின் விசை அதன் விரைவின் இருமடிப் பெருக்கத்திற்கேற்ப வளர்வது. ஓட்டுநரும் வண்டியும் மூட்டைகளுமாகப் பக்கவாட்டில் ஒரு சதுர மீட்டர் பரப்பைக் காட்டுவதாகக் கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. விரைவில் வீசும் காற்று அதன்மேல் ஏழரைக் கிலோ எடைக்கு நிகராக அழுத்தும், 80 கி.மீ. ஆனால் 30 கிலோ. சீராக வீசும் காற்றை, அதன் பக்கமாகச் சற்றே சாய்ந்து ஓட்டிச் சமாளிக்கலாம். விட்டு விட்டு வீசும்போதுதான் இடர்.

பாலம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. வாடையோ வடக்கிலிருந்து குறுக்கே பாய்கிறது. இராமேசுவரத் தீவை நோக்கிப் போகும்போது அது இடப்புறமிருந்து, எதிர்வரும் ஊர்திகளின் தடத்தை நோக்கியே நம்மைத் தள்ளும். திரும்பும்போது வேறு வகைத் தொல்லை. வலப்புறக் காற்றுக்கு எதிராகச் சாய்ந்து வருகிறோம். எதிரே ஒரு பேருந்து நம்மைக் கடக்கிறது. அது காற்றை மறைத்த நொடியில், சாய்ந்திருந்த வண்டி பேருந்தின் பக்கமே சரியும். அது விலகியவுடன் காற்று மீண்டும் அறையும். இடப்புற ஓரமாக, விரைவைக் குறைத்து, கைப்பிடியை இறுக்காமல் ஓட்டுவதொன்றே வழி. முதுகுக்குப் பின்னால் உயரமாக அடுக்கிய மூட்டை காற்றுக்குப் பாய்மரமாகிவிடும். சுமையைத் தாழ்வாக இரு பக்கமும் பகிர்ந்து கட்ட வேண்டும். பழைய தொடர்வண்டிப் பாலத்தில் காற்று மணிக்கு 55 கி.மீ. தாண்டினால் வண்டிகளை நிறுத்திவிடும் ஏற்பாடு இருந்தது. நாமும் அவ்வரம்பை மதிப்பது நன்று.

உப்பு மெல்ல வேலை செய்யும். அலைத்துளி உலர்ந்து எஞ்சும் உப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 33 விழுக்காட்டைத் தாண்டினாலே அது நீரை ஈர்த்துக் கசியும். இக்கரைக் காற்றோ பெரும்பாலும் அதைவிட ஈரமானது. மழையே இல்லாத நாளிலும் சங்கிலியும் மின்னிணைப்புகளும் நனைந்தபடியே இருக்கும் என்பது இதன் பொருள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு மையம் வைத்திருப்பது காரணமின்றி அன்று. ஒவ்வொரு மாலையும் நன்னீரால் வண்டியைக் கழுவி, உலர்ந்தபின் சங்கிலிக்கு எண்ணெய் இட வேண்டும்.

சாலையோரமெங்கும் சீமைக்கருவேலம். அதன் முள் டயரைத் துளைக்கும். பஞ்சர் ஒட்டும் கருவிகளும் காற்றடிக்கும் குழலும் பையில் இருக்கட்டும்.

உட்சாலைகளில் செல்வோர் கண்மாய்களை மறக்கலாகாது. கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியே மறுகால் பாயும்போது தரைப்பாலங்கள் மூழ்கும். நீர் காற்றினும் 800 மடங்கு அடர்ந்தது. நடைவேகத்தில் ஓடும் நீர்கூட ஒரு சதுர மீட்டர் பரப்பை 50 கிலோ எடைக்கு நிகராகத் தள்ளும். முன்னுருளி பாதி மூழ்கும் நீரில் இறங்கவே கூடாது.

தனுசுக்கோடியின் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் திறக்கப்பட்ட ஒன்பதரைக் கி.மீ. சாலையின் இரு மருங்கிலும் கடல். காற்று வாரியிறைக்கும் மணல் தார்மீது மெல்லிய படலமாய்க் கிடக்கும். அங்கே திடீரென்று பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கும். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. ஆழ்கடலில் காற்று தள்ளும் நீர் அடிவழியே திரும்பிவிடும். இங்கே அதற்கு இடமில்லாமையால் கரையில் குவிந்து எழும். 1964 டிசம்பர் 22 இரவு தனுசுக்கோடியையும், பாம்பனிலிருந்து வந்த தொடர்வண்டியையும் அழித்த புயலில் கடல் பொங்கி ஏறியது இவ்வாறே.

ஆகவே செப்டம்பர் இறுதியில் புறப்படுங்கள். அப்போதும் பிற்பகல்களில் இடிமழை உண்டு; விடியலில் கிளம்பி நண்பகலுக்குள் அன்றைய தொலைவை முடித்துவிடுங்கள். ஐப்பசி பிறக்குமுன், அதாவது அக்டோபர் நடுப்பகுதிக்குள், தீவை விட்டுத் திரும்பிவிடுங்கள். பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏறியிருப்பதாக அறிந்தால், பாலத்தில் ஏறாமல் மண்டபத்திலேயே தங்கிவிடுங்கள்.