உங்களுக்குத் தெரியுமா? கரியமில வாயுவை எரிபொருளாக்கும் மஞ்சள் தூள்

● 2025-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு, உள்ளுக்குள் வெற்றிடம் நிறைந்த படிகங்களை உருவாக்கியதற்காகத் தரப்பட்டது. சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி ஆகிய மூவரும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தப் படிகங்களுக்கு உலோகக் கரிமச் சட்டகம் என்று பெயர், சுருக்கமாக எம்.ஓ.எஃப்.

● இதன் விதை விழுந்தது ஒரு மரப்பட்டறை வேலையில்! 1974-இல் மெல்போர்ன் பல்கலைக்கழக மாணவர்களுக்காக மூலக்கூறு மாதிரிகள் செய்ய, மர உருண்டைகளில் எங்கெங்கே துளை போடுவது என்று கணக்கிட்டுக் கொடுத்தார் ராப்சன். துளை இருக்கும் இடத்தைப் பொறுத்தே உருவம் அமைவதைக் கவனித்தவர், 1989-இல் செம்பு அயனிகளை வைத்து நிஜப் படிகத்தையே கட்டிக் காட்டினார்.

● யாகி 1999-இல் உருவாக்கிய எம்.ஓ.எஃப்-5, துத்தநாகத்தை மூலைகளாகக் கொண்டது. இதில் ஓரிரு கிராமுக்குள் இருக்கும் துளைச் சுவர்களைப் பிரித்து விரித்தால் ஒரு கால்பந்து மைதானத்தையே மூடிவிடலாம். வாயுவைப் பிடித்து வைக்க இந்தப் பரப்புதான் உதவுகிறது.

● கரியமில வாயுவைப் பிடிப்பது எளிது, மாற்றுவதுதான் கடினம். அது எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி. அதை மறுபடி எரிபொருளாக்க வெளியிலிருந்து ஆற்றலும் எலெக்ட்ரான்களும் வேண்டும். ஒரு மூலக்கூறை கார்பன் மோனாக்சைடாக்க 2, மெத்தனாலாக்க 6, மீத்தேனாக்க 8 எலெக்ட்ரான்கள் தேவை.

● டைட்டானியம் கலந்த எம்.ஐ.எல்-125 என்ற சட்டகம் வெள்ளை நிறம். புறஊதா ஒளிக்கு மட்டுமே அசைந்து கொடுக்கும். பூமிக்கு வரும் வெயிலில் அதுவோ சொற்பம்! அதன் கரிமப் பகுதியில் அமினோ தொகுதியைச் சேர்த்தால் தூள் மஞ்சளாகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் உறிஞ்சுகிறது.

● சீனாவின் ஃபூச்சோ பல்கலைக்கழகத்தினர் 2012-இல் இந்த மஞ்சள் தூளைக் கொண்டு கரியமில வாயுவை ஃபார்மேட்டாக மாற்றினார்கள். ஒளி பட்டதும் எலெக்ட்ரான் டைட்டானியத்தில் போய்ச் சேர, மஞ்சள் பச்சையாகிறது. கரியமில வாயுவை உள்ளே விட்டால் அது எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ள, தூள் மீண்டும் மஞ்சளுக்கே திரும்புகிறது.

● ஃபார்மேட்டோடு ஒரு ஹைட்ரஜன் அயனி சேர்ந்தால் ஃபார்மிக் அமிலம். சில வகை எறும்புகள் கடித்தால் எரிகிறதே, அதே அமிலம்தான். ரப்பர் தோட்டங்களில் பாலை உறைய வைப்பதும் இதுவே. எரிபொருள் மின்கலத்திலும் இதைப் பயன்படுத்தலாம்.

● சட்டகத்திலேயே கார்பன் இருக்கிறது. அது சிதைந்து ஃபார்மேட் வந்திருந்தால்? இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, சற்றே கனமான கார்பன்-13 அணு கொண்ட கரியமில வாயுவைச் செலுத்துவார்கள். விளைபொருளிலும் கார்பன்-13 இருந்தால், அது வாயுவிலிருந்து வந்ததுதான்.

● ஃபூச்சோ ஆய்வில் எலெக்ட்ரானைக் கொடுத்தது ட்ரைஎத்தனாலமைன் என்ற வேதிப்பொருள். அழகுசாதனக் கிரீம்களிலும் இருப்பது. வினையில் அது செலவாகிப் போவதால், பெரிய அளவில் செய்தால் கட்டுப்படியாகாது. இலை தனக்கு வேண்டிய எலெக்ட்ரானைத் தண்ணீரிலிருந்து எடுக்கிறது. எம்.ஓ.எஃப் தூளையும் அதற்குப் பழக்குவதே இத்துறையினரின் பெரிய இலக்கு.